ஒன்றரைக் குதிரை

ஜூன் 4

அக்காவுக்கு,

நேற்று நீ போனை வைத்த வேகத்தில் என் காது அதிர்ந்தது. மறுபடி கூப்பிடலாம் என்று கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். நாம் போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே கத்தத் தொடங்கிவிடுகிறோம். உன் வீடோ இரண்டே அறை. அப்பாவுக்கு நுரையீரல் போனாலும் காது போகவில்லை. அவரைப் பற்றி நாம் போடும் சண்டையை அவர் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருக்கிறார். அதனால்தான் கடிதம். இதில் இன்னொரு வசதி, நீ குறுக்கே பேச முடியாது.

நான் அனுப்பிய பேட்டரிப் பெட்டி "பாதியில் உயிரை விட்டுவிட்டது" என்றாய். எனக்குப் புரியவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. அப்பாவின் ஆக்சிஜன் மெஷினுக்கு வேண்டியது முந்நூற்றைம்பது வாட். பெட்டியில் இருப்பது அறுநூறு வாட். கரண்ட் போனால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அது தாங்கியாக வேண்டும். உங்கள் தெருவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போவதில்லை என்று நீதான் சொன்னாய்.

நீ கோபப்படுவாய் என்று தெரிந்தேதான் கேட்கிறேன். அதில் இஸ்திரிப் பெட்டியைச் செருகினாயா? பள்ளிச் சீருடை ஆர்டர் கழுத்தை நெரிக்கிறது என்று போன வாரம் சொல்லிக்கொண்டிருந்தாய். அவசரத்துக்கு ஒரு பத்துக் காலர் தேய்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியிருக்கலாம். நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. அந்தப் பெட்டி அப்பாவின் மூச்சுக்காக வாங்கியது, தையல் வேலைக்கு அல்ல என்று மட்டும் சொல்கிறேன்.

இதைத் திரும்பப் படித்தால் குற்றம் சொல்வது போலத்தான் இருக்கிறது. கிழித்துவிட்டு வேறு எழுதினாலும் இதையேதான் எழுதுவேன். அதனால் அனுப்புகிறேன்.

தங்கை


ஜூன் 9

அறிவாளிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தோடு. இரண்டாம் முறை இன்னும் கோபத்தோடு.

ஆமாம், இஸ்திரிப் பெட்டியைச் செருகினேன். உன் பெட்டி வந்திறங்கிய அன்றைக்கே, தாங்குகிறதா என்று பார்க்க. அது 'கீ' என்று ஒரு கத்து கத்திவிட்டு அணைந்துபோனது. அன்றோடு சரி. அதன் பக்கம் ஊசிகூடக் கொண்டுபோகவில்லை.

என்ன நடந்தது என்று போனில் சொல்ல வந்தேன். நீ "என்ன செருகின?" என்று ஆரம்பித்தாய். அதனால் இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்.

மத்தியானம் கரண்ட் போனது. உன் பெட்டி தானாக எடுத்துக்கொண்டது. அப்பா மூக்குக் குழாயோடு தலையைத் திருப்பி, "பரவாயில்லயே, சின்னது நல்லாத்தான் வாங்கி அனுப்பியிருக்கு" என்றார். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பொத்தான் கட்டிக்கொண்டிருந்தேன். பெட்டியில் நாலு விளக்கு எரியும். நிமிர்ந்தபோது மூன்று. அடுத்த சட்டையை எடுத்தபோது ஒன்று. முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. பெட்டியும் கத்தியது, மெஷினும் கத்தியது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்ன சிலிண்டரைத் திறக்கப் போனேன். திருகு சுற்றவில்லை. கத்தரிக்கோலால் நெம்பினேன், கத்தரிக்கோல் உடைந்தது. எதிர் வீட்டில் டாக்ஸி ஓட்டுகிறவர் சத்தம் கேட்டு ஓடி வந்தார். இரண்டு பேருமாக அப்பாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். ஜெனரேட்டர் இருக்கிற கிளினிக்கில் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது அவருடைய நகமெல்லாம் கத்தரிக்காய் நிறம்.

மூச்சு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "சின்னதுகிட்ட சொல்லாத. பயந்துக்கும்."

சொல்லிவிட்டேன். நீ பயப்படவில்லை. கணக்குக் கேட்டாய்.

அக்கா


ஜூன் 15

அக்காவுக்கு,

பெட்டியில் கோளாறு இல்லை. நீயும் எதையும் தவறாகச் செய்யவில்லை. இதை முதலில் எழுதிவிட்டால் மீதி சுலபமாக வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

அறிவியல் காட்சியகத்தில் நான் பலகைகளுக்கு வாசகம் எழுதுவது உனக்குத் தெரியும். ஒவ்வொரு கண்ணாடிப் பேழைக்கும் பக்கத்தில் ஒரு பலகை, ஒவ்வொன்றிலும் அறுபது சொல். இந்த மாதம் மின்சார அறை. என் தலையில் விழுந்தது 'வாட்'. "வாட் என்பது ஒரு கருவியில் இருக்கும் மின்சாரத்தின் அளவு" என்று தொடங்கிக் கொடுத்தேன். இங்கே பிழை பார்க்கும் பெண்ணை எல்லோரும் 'கமா' என்றுதான் கூப்பிடுவோம். அவள் அந்த வரியைச் சிவப்பில் அடித்துவிட்டு என் மேஜைக்கே வந்துவிட்டாள்.

"இருக்கறது இல்லப்பா, போறது. எவ்வளவு வேகமா செலவாகுதுங்கறதுதான் வாட். குழாயோட அகலத்தப் பாத்துத் தொட்டியில எவ்வளவு தண்ணி இருக்குன்னு சொல்வியா நீ?"

எனக்குக் காதுவரை சூடேறியது, பலகைக்காக அல்ல. உன் பெட்டியின் படத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கம் கொட்டை எழுத்தில் '600 வாட்'. அடியில், எறும்பு ஊர்ந்தது போல, '300 வாட்-மணி'. முதலாவது குழாய். ஒரே சமயத்தில் எவ்வளவு கொடுக்க முடியும் என்பது. இரண்டாவதுதான் தொட்டி. அந்தத் தொட்டியை அப்பாவின் மெஷின் ஒரு மணி நேரத்துக்குள் குடித்துவிடும். நான் குழாயைப் பார்த்துவிட்டுத் தொட்டி என்று நினைத்தேன். அந்தச் சொல்லைப் பற்றி ஊருக்கே பலகை எழுதுகிறவள் நான். கடைக்காரன்மேல் பழி போடலாமா என்றுகூட யோசித்தேன். அவன் பொய் ஒன்றும் சொல்லவில்லை.

மன்னிப்பு என்று எழுதினால் நீ "அதை வைத்து என்ன செய்ய" என்பாய். அதனால் எழுதவில்லை.

வேறொன்று எழுதுகிறேன், முடிந்தால் அப்பாவுக்குப் படித்துக் காட்டு. அவருக்குப் பிடிக்கும். வாட் என்பது ஒரு மனிதரின் பெயர். நீராவி இயந்திரத்தைச் செம்மையாக்கிய பொறியாளர். அவர் காலத்தில் மாவு ஆலைகளையும் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்புகளையும் ஓட்டியவை குதிரைகள். இயந்திரம் விற்கப் போனால் ஆலைக்காரர்கள் கேட்பது ஒரே கேள்வி: இது எத்தனை குதிரைக்குச் சமம்? அதற்குப் பதில் சொல்ல ஒரு குதிரையின் வேலையை எண்ணாக்க வேண்டியிருந்தது. எழுபத்தாறு கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயர்த்தினால் அது ஏறக்குறைய ஒரு குதிரை. இன்றைய கணக்கில் எழுநூற்று நாற்பத்தாறு வாட்.

வேடிக்கை என்னவென்றால், அந்த எண் கொஞ்சம் தாராளமானது. சாதாரணக் குதிரையால் அந்த வேகத்தை நாள் முழுக்கக் கொடுக்க முடியாது என்கிறார்கள். வாங்குகிறவன் குறை சொல்லக் கூடாது என்று உயர்த்தி வைத்தார் என்று ஒரு பேச்சு உண்டு.

உன் இஸ்திரிப் பெட்டி எழுநூற்றைம்பது வாட். ஆகவே அது ஒரு முழுக் குதிரை. அப்பாவின் மெஷின் ஏறக்குறைய அரைக் குதிரை.

தங்கை


ஜூன் 21

குதிரைக்காரிக்கு,

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தார். சிரித்தால் இருமல் வரும், இருமினால் எல்லா வேலையும் நிற்கும். ஆனாலும் சிரித்தார்.

"என் மில்லுல பத்துக் குதிர மோட்டாரு. முப்பது வருஷம். ஒண்ணுக்குக்கூட ஒரு பிடி புல்லு போட்டதில்ல நான்" என்றார். அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு, "அதுங்க என் நெஞ்சத் தின்னுட்டுப் போயிடுச்சுங்க" என்றார். மாவுத் தூசியை இப்படி யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

உன் கணக்கு எனக்கும் உதவியது. நம் வீட்டு ஃபியூஸ் ஏன் வாரத்துக்கு நாலு தடவை போகிறது என்று இப்போது புரிகிறது. இந்த வீட்டுக்கு வாங்கியிருக்கிற இணைப்பே ஒரு கிலோவாட். ஒரு குதிரை, கூடப் போனால் ஒரு குதிரைக்குட்டி. இதை அப்பாவிடம் சொன்னதும் அவர், "ஒரு குதிர கட்டுற லாயத்துல ஒண்ணரக் குதிரயக் கட்டினா உதைக்கத்தான்மா செய்யும்" என்றார்.

நாங்கள் சிரித்துவிட்டோம். இனி நீ சிரிக்காத பகுதி.

சீருடை தைப்பதில் தேய்க்காமல் எதுவும் நகராது. காலருக்குள் வைக்கிற விறைப்புத் துணியைச் சூட்டில்தான் ஒட்ட வேண்டும். பாவாடை மடிப்பைத் தேய்த்து உட்கார வைத்த பிறகுதான் ஊசி ஓடும். மெஷின் ஓடும்போது தேய்த்தால் ஃபியூஸ் போகிறது. கொஞ்ச நாள் எதிர் வீட்டில் போய்த் தேய்த்தேன். அந்த அம்மா நல்லவர்தான். ஆனால் நல்லவர்களுக்கும் சாப்பாட்டு மேஜை வேண்டுமே. "உங்களுக்குச் சிரமமா இருக்கும்ல, தினம் தூக்கிட்டு வர்றது?" என்று கேட்டார். புரிந்துகொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் இணைப்பைக் கூட்டக் கேட்டேன். "ஒயரெல்லாம் மாத்தணும், செவுத்த உடைக்கணும், அதெல்லாம் ஆவாதும்மா. வசதிப்படலன்னா வேற எடம் பாருங்க" என்கிறார். பார்த்தேன். மெஷினோடு ஒரு நோயாளி என்றதும், காட்ட வந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறார்கள்.

போன தவணைச் சீருடையைத் தாமதமாகக் கொடுத்தேன். இந்தத் தவணையும் தாமதித்தால் இரண்டு பள்ளிகளும் வேறு ஆள் பார்ப்பார்கள். நேராகச் சொல்லிவிட்டார்கள்.

நான் சுற்றி வளைக்கவில்லை. அப்பாவை நீ கூட்டிக்கொண்டு போ.

அக்கா


ஜூன் 28

அக்காவுக்கு,

உன் கடைசி வரியை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். எதிர்பார்க்கவில்லை.

என் அறை நாலாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. இரண்டு படி ஏறினாலே அப்பாவுக்கு மூச்சு வாங்கும். ஒரு முறை எப்படியாவது மேலே கொண்டுவந்துவிட்டாலும், அவசரத்துக்குக் கீழே இறக்குவது யார்? நான் வேலைக்குப் போகும் நேரத்தில் அவரைப் பார்த்துக்கொள்வது யார்? நீ வீட்டிலிருந்தே தைக்கிறாய். எனக்கு அப்படி இல்லை. இவை சாக்கு அல்ல. சாக்கு போலத் தெரிகின்றன, ஆனால் உண்மை.

அதற்குப் பதிலாக இதைச் செய்கிறேன். இப்போது தொட்டியைப் பார்த்தே வாங்குவேன். ஐந்து மணி நேரம் தாங்கும் பெரிய பேட்டரி ஒன்று இருக்கிறது. நீ தேய்க்கும்போது மெஷினை அதில் ஓட்டலாம். ஃபியூஸும் போகாது. பகலில் ஒரு நர்ஸ் வைக்கலாம், அந்தப் பொறுப்பு என்னுடையது. சிலிண்டருக்குப் புதுத் திருகு அனுப்புகிறேன். இன்னும் எவ்வளவு வேண்டும் என்று நீ சொல்.

மறைப்பானேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த அறையில் ஒரு ஜன்னல் உண்டு. வேலை முடிந்து வந்ததும் அதன் அடியில் உட்கார்ந்து படிப்பேன். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். சிறுவயதில் நம் மூன்று பேருக்கும் ஒரே அறை. அந்த மில் சத்தத்துக்கு நடுவே நான் விரும்பியது இது ஒன்றைத்தான். இதை ஒரு காரணம் என்று எழுதவே எனக்குக் கூசுகிறது. எழுதாவிட்டாலும் நீ கண்டுபிடித்துவிடுவாய்.

பலகை இன்னும் முடியவில்லை. அறுபது சொல்லுக்குள் வாட் அடங்க மாட்டேன் என்கிறது. இதுவரை இருப்பது: ஒரு சின்ன ஆப்பிளை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் அது ஒரு வாட். அந்தப் பொறியாளர் இறந்து அறுபது ஆண்டுக்கும் மேல் ஆன பிறகு, 1882இல், விஞ்ஞானிகள் கூட்டம் ஒன்றில் இன்னொரு பொறியாளர் இந்த அளவுக்கு அவர் பெயரை வைக்கச் சொன்னார். பல்பையே பார்த்திராத மனிதரின் பெயர் இன்று ஒவ்வொரு பல்பின் தலையிலும் இருக்கிறது. நல்ல உடம்புள்ள ஒரு ஆள் நாள் முழுக்க வேலை செய்தால் எழுபத்தைந்து வாட் தேறும். குதிரையால் எழுநூற்று நாற்பத்தாறு வாட்டை நாள் முழுக்கக் கொடுக்க முடியாது என்ற வரியை மேலாளர் அடிக்கச் சொல்கிறார். "பசங்க குழம்பிடுவாங்க" என்கிறார். நான் விடுவதாக இல்லை.

பெரிய பேட்டரி வாங்கவா? பதில் போடு.

தங்கை


ஜூலை 5

தங்கைக்கு,

பேட்டரி வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை எழுதுகிறேன். கோபத்தில் எழுதவில்லை. எழுதி முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

காலர் கட்டு அன்று சாயங்காலம் போயாக வேண்டும். ஃபியூஸ் போனால் போகட்டும், போட்டுக்கொள்ளலாம் என்று முன்னறையில் தேய்க்க ஆரம்பித்தேன். போகவில்லை. ஒரு கட்டு முடிந்தது, போகவில்லை. இரண்டாவது கட்டையும் எடுத்தேன். இன்றைக்கு நம் பக்கம் காற்று வீசுகிறது என்று நினைத்துக்கொண்டேன். பாட்டுகூட முணுமுணுத்தேன் என்று நினைக்கிறேன்.

அப்புறம்தான் வீடு அமைதியாக இருப்பது உறைத்தது. மெஷின் சத்தம் இல்லை.

உள்ளே ஓடினேன். அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மெஷினின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கையில் வைத்திருந்தார். அது கத்தாமல் இருக்க முதலில் பொத்தானை அணைத்திருக்கிறார். மில்லில் மோட்டாரை நிறுத்துகிற மாதிரி, ஒழுங்காக, வரிசையாகச் செய்திருக்கிறார். உதடு கறுத்திருந்தது. நான் பிளக்கைப் பிடுங்கப் போனபோது விடவில்லை. அந்தக் கையில் அவ்வளவு பிடி இருக்கும் என்று நினைக்கவில்லை.

"பெரிய குதிர ஓடட்டும்மா" என்றார். "அரக் குதிர கொஞ்ச நேரம் நிக்கட்டும். அதுக்கு ஒண்ணும் ஆவாது."

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கடந்த மாதத்தில் ஃபியூஸ் போகாத நாட்களை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். நினைப்பதை நிறுத்திவிட்டேன்.

நீ எழுதிய வேடிக்கையைப் படித்துக் காட்டியவள் நான். அதனால் உன்மேல் பழி போடவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். நீ ஒவ்வொரு கடிதத்திலும் எவ்வளவு வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று கேட்கிறாய். என்னால் எவ்வளவும் முடியும். அவரைத் தூக்கி உட்கார வைப்பேன், குளிப்பாட்டுவேன், சமைப்பேன், தைப்பேன், தேய்ப்பேன். இதை எல்லாம் யார் வேண்டுமானாலும் ஒரு நாள் செய்வார்கள். ஒரு வாரமும் செய்வார்கள். உன் ஆப்பிளை ஒரு தடவை தூக்குவதில் என்ன இருக்கிறது? இரண்டு வருஷம் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டே இருக்கச் சொல், பார்க்கலாம்.

நாள் முழுக்க முடியாது என்று தெரிந்தே குதிரைக்கு எண் போட்டார்கள் என்றாயே. அந்த வரிக்காக மேலாளரோடு சண்டை போடுகிறாய். சரி. அந்த வரியை எழுதும்போது உனக்கு யாருடைய முகமும் ஞாபகம் வரவில்லையா?

அக்கா


ஜூலை 9

அக்காவுக்கு,

வருகிறேன்.

நாலாவது மாடியை விட்டுவிட்டேன். இதே கட்டடத்தில் தரைத்தளத்தில், சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒரு அறை காலியாக இருந்தது. ஜன்னல் இல்லை, சுவரின் மேலே காற்றுக்கு ஒரு சதுரத் துளை மட்டும். இணைப்பு மூன்று கிலோவாட். நானே மீட்டரைப் பார்த்துவிட்டு, ஒயர் போடுகிறவரையும் கூப்பிட்டுக் கேட்டேன். பக்கத்து அறையில் ஒரு நர்ஸ், அவளுக்குப் பகலில் வேலை கிடையாது. பெரிய பேட்டரியும் வாங்கிவிட்டேன், உனக்கு அல்ல, இங்கே வைக்க. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து எழுதச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். மேலாளர் கேட்டார், "ஏன், ஒடம்பு சரியில்லையா?" ஆமாம் என்றேன்.

உன் கடைசிக் கேள்வி, யாருடைய முகமும் ஞாபகம் வரவில்லையா என்பது. வரவில்லை என்று எழுதினால் அது உண்மை. அதைப் படித்துவிட்டு நீ என்ன செய்வாய் என்று நினைத்துப் பார்த்தேன். எழுதிவிட்டேன்.

அப்பாவிடம் பிளக்கைத் தொடக் கூடாது என்று நான் சொன்னதாகச் சொல்.

தங்கை


ஜூலை 14

தங்கைக்கு,

அப்பாவிடம் சொன்னேன். "சின்னது வருதா? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?" என்றார். கேட்டால் மாட்டேன் என்பீர்கள் என்றேன். "மாட்டேன்னுதான் சொல்வேன். ஆனாக் கேக்கணும்ல?" என்றார். முறைத்துக்கொண்டிருக்கிறார். வந்து நீயே சமாளி.

நீ வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய், மூன்று கிலோவாட் என்று எழுதியிருக்கிறாய், சுவரில் துளை இருப்பதைக்கூட எழுதியிருக்கிறாய். எவ்வளவு நாளைக்கு என்று எழுதவில்லை. இவ்வளவு சொன்ன பிறகும்.

அக்கா


ஜூலை 18

அக்காவுக்கு,

மார்ச் வரை. அதற்குப் பிறகு மறுபடி சண்டை போடுவோம்.

தங்கை


ஆகஸ்ட் 11

அக்காவுக்கு,

நாங்கள் வந்து சேர்ந்து இரண்டு வாரம் தாண்டிவிட்டது. டாக்ஸி அருகில் நின்றுகொண்டு, அதுவும் எதிர் வீட்டு டாக்ஸிக்காரர் முன்னால், நாம் சிலிண்டரை யார் பிடிப்பது என்று போட்ட சண்டையை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அப்பா வழியெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தார். "ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தீங்க. நான் சிலிண்டரா, பொண்ணுங்களா எது முதல்ல வெடிக்கும்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

நன்றாக இருக்கிறார் என்று எழுத முடியாது. சரியாக இருக்கிறார். நர்ஸைப் 'பெரிய டாக்டர்' என்று கூப்பிடுகிறார், அவள் அதற்கு முறைப்பதும் அவருக்குப் பிடித்திருக்கிறது. சைக்கிள் கடையில் டயருக்குக் காற்றடிக்கும் மோட்டார் எத்தனை குதிரை என்று விசாரித்து வைத்திருக்கிறார். கால் குதிரையாம். அந்த மோட்டார் ஓடும்போதெல்லாம், "சத்தத்தக் கேட்டா பேரிங் போயிடுச்சு, சொன்னா கடைக்காரன் நம்பமாட்டேங்கறான்" என்று குறைப்படுகிறார்.

நான் சரியாக இல்லை. எரிச்சலாக இருக்கிறேன். உன்னிடம் இல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? என் புத்தகங்கள் இன்னும் அட்டைப் பெட்டிகளில். பகல் எப்போது முடிகிறது என்றே இந்த அறையில் தெரியவில்லை. நேற்று அவர் மூன்றாவது முறை கழிப்பறைக்குக் கூப்பிட்டபோது, "இப்பத்தானே போனீங்க?" என்று கத்திவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் அடக்கிக்கொண்டு படுத்திருந்தார். பிளக்கைக் கையில் வைத்திருந்த கதை ஞாபகம் வந்தது. எழுந்துபோய் அவரைத் தூக்கினேன். அவருடைய எடை குறைந்துகொண்டே வருகிறது. என் கை வலி மட்டும் கூடிக்கொண்டே போகிறது. இதை எந்த அலகில் எழுதுவது என்று தெரியவில்லை.

பலகையை மாட்டிவிட்டார்கள். குதிரையால் நாள் முழுக்க முடியாது என்ற வரி இல்லை. கடைசி நாள் மேலாளர் அதை எடுத்துவிட்டார். நான் அன்று அலுவலகத்தில் இல்லை, அப்பாவுக்கு மருந்து வாங்க வரிசையில் நின்றிருந்தேன். இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். கமா மட்டும் போன் செய்து, "உன் குதிரய ஓரமா நிறுத்திட்டாங்கப்பா" என்றாள். அந்த இடத்தில் இப்போது ஒரு குதிரைப் படம் இருக்கிறது. பளபளவென்று, வியர்வையே இல்லாத குதிரை.

இப்போது நான் கேட்க வந்தது. இந்த மெஷின் சத்தம். முதல் நாள் பொறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அது ஒரே சீராக இருந்தால்கூடப் பழகிவிடும். ஒவ்வொரு சில நொடிக்கும் ஒரு பெருமூச்சு விட்டு, ஒரு தட்டுத் தட்டுகிறது. அடுத்த தட்டுக்காகக் காது காத்திருக்கிறது. தட்டு கொஞ்சம் தாமதமானால் எழுந்து விளக்கைப் போட்டுப் பார்க்கிறேன். படிக்க முடியவில்லை. யோசிக்க முடியவில்லை. பஞ்சு வைத்துக்கொண்டால் அவர் கூப்பிடுவது கேட்காதே என்று பயம்.

இரண்டு வருடம் இந்தச் சத்தத்தில் நீ எப்படித் தூங்கினாய்?

தங்கை


ஆகஸ்ட் 17

தங்கைக்கு,

சீருடைகளைக் கொடுத்துவிட்டேன். ஒரு நாள்கூடத் தாமதமில்லை. ஃபியூஸ் அதற்கப்புறம் போகவே இல்லை. எந்த நேரமும் தேய்க்கலாம். ஆனாலும் இஸ்திரிப் பெட்டியைச் செருகும்போதெல்லாம் உள்ளறையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் செருகுகிறேன்.

கத்தியதற்காக உன்னைத் திட்ட மாட்டேன். நானும் கத்தியிருக்கிறேன். உனக்கு எழுதவில்லை, அவ்வளவுதான்.

மெஷினின் பின்பக்கம் ஒரு பஞ்சு வடிகட்டி இருக்கும். வாரம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காயவைத்துப் போடு. தட்டுச் சத்தம் கொஞ்சம் குறையும்.

நீ கேட்டதற்குப் பதில்.

தூங்கவில்லை.

அக்கா